பெட்டி எண்ணுவது சரி, சொல்வதுதான் தப்பு: ஏற்காட்டில் ஒரு நோய் முன்னறிவிப்புக் கருவியோடு இரண்டு மழைக்காலம்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். பெட்டிக்கு ஐந்துக்கு நாலு மார்க். அதோடு வரும் ஆப்புக்கு ஒன்றரை, அதிலும் அரை மார்க் எங்களைச் சிரிக்க வைத்ததற்கு. கம்பெனிப் பெயரை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன், ஏனென்றால் என் சண்டையில் பாதிதான் அவர்களோடு, மீதிப் பாதி அந்த ஆப்புக்குள் ஓடுகிற கணக்கோடு.

எங்கள் தோட்டம் நாகலூர் பக்கம். காபி, காபிக்கு நிழலாக சில்வர் ஓக், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகு, வேலி ஓரத்தில் அப்பா வைத்த ஏழு பேரி மரம். இதெல்லாம் இந்த மலையில் எல்லோரிடமும் இருப்பதுதான். என்னிடம் கூடுதலாக இருப்பது அறுபது ஆப்பிள் மரம். சிரிக்க வேண்டாம். அன்னா, டார்செட் கோல்டன், எச்ஆர்எம்என்-99 என்று குளிர் அதிகம் கேட்காத ரகங்கள் வந்தபிறகு சமவெளியிலேயே ஆளாளுக்கு ஆப்பிள் காய்க்க வைக்கிறார்கள், நாங்கள் நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிறோம். இது புதுப் பைத்தியமும் இல்லை. 1820களில் சேலத்துக்குக் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காபியோடு சேர்த்து ஆப்பிள், பேரி எல்லாம் கொண்டுவந்து இங்கே நட்டுப் பார்த்தவர். காபி மலையையே பிடித்துக்கொண்டது, பேரி ஊன்றி நின்றது, ஆப்பிளைப் பற்றி மட்டும் யாரும் பேச்செடுப்பதில்லை.

நட்ட மூன்றாவது வருஷம் காய் வந்தது. அதே வருஷம் மழைக்காலத்தில் இலை போனது. ஆகஸ்ட் கடைசியில் அங்கங்கே கரும்பழுப்புப் புள்ளி, அப்புறம் இலை மஞ்சளாகி, லேசாகக் காற்றடித்தாலும் கொட்டியது. அக்டோபரில் நாங்கள் உருவ வேண்டிய அவசியமே இல்லாமல் மரம் குச்சி குச்சியாக நின்றது. (தெரியாதவர்களுக்கு: இங்கே குளிர் பத்தாததால் ஆப்பிள் தானாக இலையுதிர்க்காது. டிசம்பரில் நாமே கையால் இலையை உருவிவிட்டால்தான் ஜனவரி, பிப்ரவரியில் பூ எடுக்கும், மே-ஜூனில் பழம். நாம் உருவுவது வேறு, நோய் இரண்டு மாதம் முன்னாடியே உருவிவிட்டுப் போவது வேறு. அடுத்த பூவுக்கு மரத்தில் சத்து சேராது.)

அந்த வயிற்றெரிச்சலில் இருக்கும்போதுதான் அடுத்த மே மாதம் சேலத்தில் ஒரு விவசாயக் கண்காட்சியில் இந்தப் பெட்டி கண்ணில் பட்டது. "ஆப்பிளுக்குன்னே தனி மாடல் இருக்கு சார், ஹிமாச்சல்ல ஓடிட்டிருக்கு, நோய் வர்றதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிடும்" என்றார் ஸ்டாலில் நின்ற பையன். (மாடல் என்றால் வானிலை எண்களை வைத்து நோய் வருமா என்று போடும் கணக்கு.) சேலத்தில் ஒருவர் வாயிலிருந்து ஆப்பிள் மாடல் என்ற வார்த்தை வந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. 42,000 ரூபாய், முதல் வருஷம் சந்தா இலவசம், அப்புறம் வருஷத்துக்கு 7,000.

மாட்ட வந்தவர்கள் நல்ல பிள்ளைகள், அதில் குறை இல்லை. ஒரு இரும்புக் கம்பம். அதில் வெப்பமும் ஈரப்பதமும் அளக்க, இட்லித் தட்டைக் கவிழ்த்துக் கவிழ்த்து அடுக்கின மாதிரி ஒரு வெள்ளைக் கூடு. மழை அளக்க ஒரு புனல், அதற்குக் கீழே சீசா மாதிரி சாயும் குட்டிக் கரண்டி, 0.2 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு தடவை சாயும், அந்தச் சாய்வை எண்ணித்தான் மழையளவு. காற்றுக்குச் சுழலும் கிண்ணங்கள், சோலார் தகடு, உள்ளே ஒரு சிம். இதெல்லாம் எந்த வானிலைக் கம்பத்திலும் இருப்பதுதான்.

விஷயம் இருப்பது கடைசியில் மாட்டிய ஒரு சின்னத் தகட்டில். உள்ளங்கை அகலம். அதன்மேல் இரண்டு சீப்பை எதிரெதிராக வைத்து, ஒன்றின் பல் இன்னொன்றின் இடைவெளியில் போகிற மாதிரி, ஆனால் தொடாமல், தங்க நிறத்தில் கோடுகள். தண்ணீர் விழுந்தால் இரண்டு சீப்புக்கும் நடுவே பாலம் போட்ட மாதிரி ஆகிக் கரன்ட் பாயும். காய்ந்தால் நின்றுவிடும். ஒரு இலை எத்தனை மணிக்கு நனைந்தது, எத்தனை மணிக்குக் காய்ந்தது என்று இலையாகவே நடித்துச் சொல்லும் தகடு. இதை 0 முதல் 15 வரை எண்ணாகக் கொடுக்கிறது. 42,000-த்தில் முக்கால்வாசியை நான் இந்தத் தகட்டுக்குக் கொடுத்ததாகத்தான் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஏன் இலை நனைந்திருக்கும் நேரம் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆப்பிளுக்கு உலகம் முழுக்கப் பெரிய எதிரி சொறி நோய், ஸ்காப் என்பார்கள். இலையிலும் காயிலும் ஆலிவ் பச்சையில் வெல்வெட் ஒட்டின மாதிரி புள்ளி வந்து, பின்னால் கறுத்துச் சொறசொறப்பாகும். பழம் தின்னக் கெட்டுப்போகாது, ஆனால் மண்டியில் எவனும் வாங்க மாட்டான். அந்தப் பூஞ்சை குளிர்காலத்தைக் கீழே உதிர்ந்து கிடக்கும் பழைய இலைக்குள் கழிக்கிறது. வசந்தத்தில் மழை பெய்ததும் அங்கிருந்து வித்துக்களைக் காற்றில் எறிகிறது. வித்து புது இலையில் போய் உட்கார்ந்தால் மட்டும் போதாது. இலை தொடர்ந்து சில மணி நேரம் ஈரமாக இருந்தால்தான் முளைத்து உள்ளே இறங்க முடியும். எத்தனை மணி நேரம் என்பது அப்போதைய வெப்பத்தைப் பொறுத்தது.

இதை அட்டவணையாகப் போட்டவர் நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த மில்ஸ். 1944இல் வந்த அட்டவணை, இன்றைக்கும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். 1989இல் மாக்ஹார்டியும் கடூரியும் அதைத் திருத்தி, வித்துக்கள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில்தான் கிளம்புகின்றன என்பதைக் கணக்கில் எடுத்து மணி நேரத்தைக் குறைத்தார்கள். இன்று புழக்கத்தில் இருக்கும் திருத்திய அட்டவணைப்படி 16 முதல் 24 டிகிரி வரை என்றால் 6 மணி நேர ஈரம் போதும். 10 டிகிரியில் 11 மணி நேரம். 5 டிகிரியில் 21. உறைகிற நிலைக்குப் பக்கத்தில் ஒரு டிகிரியில் 41 மணி நேரம் வேண்டும். மேலே 26 டிகிரியோடு அட்டவணை முடிந்துவிடும். அவ்வளவுதான் சமாசாரம். செயற்கை நுண்ணறிவு, அது இது என்று விளம்பரத்தில் என்ன போட்டாலும், என் ஆப்பிள் திரையைக் கிளறிப் பார்த்தால் அடியில் கிடப்பது எண்பது வருஷத்துக்கு முந்தைய மில்ஸ்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது நல்ல அட்டவணை. அது எந்த ஊருக்கு என்பதில்தான் சிக்கல்.

சரி, அனுபவத்துக்கு வருகிறேன்.

மாட்டின ஜூன் மாதத்திலிருந்து ஆப் தினமும் பச்சை. "அடுத்த மூன்று நாட்களுக்கு ஆபத்தில்லை." மறுநாள் காலையில் அதே ஆப், "நேற்று தொற்று ஏற்பட்டது." மறுபடி, நாளைக்கு ஆபத்தில்லை. மறுபடி, நேற்று தொற்று. நடந்து முடிந்ததை மட்டும் கரெக்டாகச் சொல்லும் ஜோசியர் மாதிரி ஒரு மாதம் ஓடியது. போன் போட்டு, ஒருவர் மாற்றி ஒருவரிடம் பேசி, நாலாவது தடவை ஒரு பொறுமையான பெண் எடுத்தார், அவர் சொல்லித்தான் புரிந்தது. நடந்ததைக் கணக்குப் போடுவது என் கம்பத்தின் அளவுகளை வைத்து. வரப்போவதைச் சொல்வது வானிலை முன்னறிவிப்புக் கட்டத்தை வைத்து, அதாவது வரைபடத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரே வானிலை சொல்வதை வைத்து, அந்தக் கட்டத்துக்கு என் தோட்டமும் சேலமும் ஒன்றுதான். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் சொச்சம், ஏற்காடு 1,500. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கில் பார்த்தாலே எட்டு டிகிரி வித்தியாசம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் காது அடைக்கிற நமக்குத் தெரிவது அந்தக் கட்டத்துக்குத் தெரியவில்லை. சேலத்துப் பகல் 34 டிகிரி, அட்டவணை 26-லேயே முடிந்துவிட்டது, ஆகவே ஆபத்தில்லை, ஆகவே பச்சை. உயரத்தைக் கையால் போட்டுக்கொள்ள ஒரு இடம் இருக்கிறதாம், மாட்ட வந்தவர்கள் போடவில்லை. வாங்குகிறவர்கள் முதல் நாளே இதைக் கேளுங்கள். மலைக்காரர்களுக்கு மட்டும் சொல்கிறேன், கீழே இருப்பவர்களுக்குக் கவலையில்லை.

மருந்து அடிப்பவர்களுக்கு இந்த முன்பின் விஷயம் சாதாரணமில்லை. மான்கோசெப், கேப்டான் மாதிரி மருந்தெல்லாம் மழைக்கு முன்னால் இலையில் இருந்தால்தான் காவல். தொற்று விழுந்தபிறகு அடிப்பது வேறு வகை, இலைக்குள் போய்ப் பிடிப்பது, அதற்கும் இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். தொற்றுக்கு முன்னால் தெரிந்தால் ஒரு டப்பா, பின்னால் தெரிந்தால் வேறு டப்பா, வேறு விலை.

உயரம் போட்டதும் கொஞ்சம் ஒழுங்குக்கு வந்தது. ஆனால் ஈர நேரம் இடித்தது. ஆகஸ்டில் ஒரு வாரம் மழையே இல்லை, வெறும் பனிமூட்டம். ஏற்காட்டு மூட்டம் எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், சட்டை நனையும், ரோட்டில் ஒரு சொட்டு விழாது. ஆப் காட்டியது: மழை 0.0, இலை ஈரம் 4 மணி நேரம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. டார்ச்சும் நோட்டும் எடுத்துக்கொண்டு விடியற்காலை நாலரைக்குப் போய் உட்கார்ந்தேன், துணைக்கு மேஸ்திரி அண்ணன். அரை மணிக்கு ஒரு தடவை நான் போனில் எண்ணைப் படிப்பேன், அவர் இலையைத் தொட்டுச் சொல்ல வேண்டும்.

"நனஞ்சிருக்குதாண்ணா?"

"இதென்னங்க தம்பி கேள்வி. ஒழுகுது."

போனில் எண் 4. ஐந்து மணி, ஒழுகுது, 5. ஆறு மணி, ஒழுகுது, 4. கம்பெனி வைத்திருந்த எல்லைக்கோடு 7. அதற்கு மேலே போனால்தான் ஈரம் என்று எழுதிக்கொள்ளும். மழையில் தகடு பட்டென்று 15-க்குப் போகிறது, மூட்டம் விடும் ஈரம் பொடிப் பொடி முத்து, அது தகட்டுக் கோடுகளை முழுக்க இணைப்பதில்லை. ஆனால் இலைக்கு அது போதும். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்: காபி இலை மெழுகு மாதிரி, தண்ணீர் உருண்டு நுனியில் சொட்டுகிறது. ஆப்பிள் இலையின் அடியில் மெல்லிய பஞ்சு ரோமம், அதில் முத்து முத்தாக மாட்டிக்கொண்டு ஒன்பதரைக்கு வெயில் கிழக்குச் சரிவைத் தாண்டி வரும்வரை அப்படியே இருந்தது. பக்கத்தில் சில்வர் ஓக்கிலிருந்து சொட்டுகிற தண்ணீர் வேறு. ஐந்து நாள் இப்படி உட்கார்ந்து, எல்லைக்கோட்டை 3-க்கு இறக்கச் சொன்னேன். மூன்று நாள் கழித்து இறக்கிக் கொடுத்தார்கள். நாலு மணி நேரமாக இருந்தது பதிமூன்று மணி நேரமானது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு இந்தத் தகடு சொன்ன நேரமும் என் விரல் சொன்ன நேரமும் அரை மணிக்கு மேல் விலகியதே இல்லை. அந்த நாலு மார்க் இதற்குத்தான்.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அக்டோபர் வந்தது. தினமும் சிவப்பு.

"கடுமையான ஸ்காப் தொற்று." காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியமே இல்லை. எங்கள் அக்டோபர் இரவு 16, 17 டிகிரி. ஈரம் பதிமூன்று மணி நேரம். அட்டவணைக்கு ஆறு மணி நேரம் போதும். அப்புறம் என்றைக்குத்தான் பச்சை வரும்? ஒரு நாள் எட்டு டிகிரி, இன்னொரு நாள் பதினெட்டு, இரண்டு நாள் மழை, நாலு நாள் வெயில் என்று மாறி மாறி வருகிற ஊரில் அந்த அட்டவணை நல்ல நாளையும் கெட்ட நாளையும் பிரித்துக் காட்டும். இங்கே அக்டோபர் முழுக்க ஒரே நாள்தான், முப்பது தடவை. நிரம்பின குடத்தில் அளவுகோல் விட்டு என்ன பார்ப்பது?

அதைவிடப் பெரிய கேள்வி, என் தோட்டத்தில் சொறி நோய் இருக்கிறதா என்பது. இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு வெல்வெட் புள்ளி நான் பார்த்ததில்லை. இமாச்சலில் சோலன் பக்கம் தோட்டக்கலை வேலையில் இருக்கும் என் கல்லூரி நண்பனுக்கு இலைப் படங்களை அனுப்பினேன். அவன் பார்த்த உடனே, "டேய், இது ஸ்காப் இல்லடா. மார்சோனினா மாதிரி இருக்கு, மைக்ராஸ்கோப்ல பாத்துத்தான் அடிச்சுச் சொல்ல முடியும், ஆனா ஸ்காப் இல்ல" என்றான். அதுவும் பூஞ்சைதான், மழைக்காலத்தில் இருபது டிகிரிக்கு மேல் இதமான சூட்டில் இலையைக் கொட்ட வைப்பது, அங்கே இமாச்சலிலும் இப்போது அது பெரிய தலைவலி. அதற்கு என் ஆப்பில் மாடல் இல்லை.

அப்படியானால் இல்லாத நோய்க்கு எப்படி தினமும் சிவப்பு? நவம்பரில்தான் கண்டுபிடித்தேன். செட்டிங்ஸுக்குள் மூன்று திரை தள்ளி ஒரு டிக் பெட்டி: "தோட்டத்தில் ஸ்காப் காணப்படுகிறதா?" முன்கூட்டியே ஆம் என்று டிக் அடித்து வைத்திருந்தார்கள். இல்லை என்று மாற்றினேன். அந்த நிமிஷமே அறுபது மரமும் குணமாகிவிட்டது, திரை முழுக்கப் பச்சை. மருந்துக்கு ஆன செலவை யாரிடம் கேட்பது.

ஜனவரிக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். சொறி நோயின் முதல் கட்டத்தைக் கணக்கிட, மொட்டு முதலில் பச்சை காட்டிய தேதியைக் கேட்கிறது ஆப். குளிர்நாட்டில் அது நியாயமான கேள்வி. ஒரு தோட்டம் முழுக்க ஏறக்குறைய ஒரே வாரத்தில் கண் விழிக்கும், அந்தத் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளின் சூட்டையும் கூட்டிக்கொண்டே போனால் உதிர்ந்த இலைக்குள் வித்துக்கள் எவ்வளவு முற்றியிருக்கும் என்று சொல்லலாம். பனிக்காலம் முடிந்தது என்பதற்கு அந்தப் பச்சை நுனிதான் சாட்சி. இங்கே பனிக்காலமே இல்லை. நான் ஆள் கிடைக்கிறபோது பத்துப் பத்து மரமாக இலை உருவுகிறேன், முதல் பத்து பச்சை காட்டும்போது கடைசிப் பத்தில் பழைய இலையே தொங்குகிறது. எந்தத் தேதியைக் கொடுப்பது என்று கேட்டால், "ஜனவரி ஒண்ணு போட்டுக்கங்க சார்" என்றார்கள். போட்டேன். எங்கள் ஜனவரி சூட்டை நாளுக்குப் பதினெட்டுப் பதினெட்டாகக் கூட்டி, அந்த மாதம் முடிவதற்குள்ளேயே வித்து எல்லாம் தீர்ந்துவிட்டது, இந்த ஆண்டின் முதல்கட்ட ஸ்காப் சீசன் நிறைவடைந்தது என்று வாழ்த்தே அனுப்பிவிட்டது. அப்போது என் மரங்களில் பாதி பூக்கவேயில்லை.

அடுத்து வந்த பிப்ரவரியில்தான் நிஜமான நோய் வந்தது. சாம்பல் நோய். புதுக் குருத்தில் திருநீறு பூசின மாதிரி வெள்ளையாக ஏறி, இலை குறுகி, நுனி சுருண்டது. மூன்று வாரம் மளமளவென்று பரவியது, அந்த மூன்று வாரமும் ஆப்பில் ஆழ்ந்த பச்சை. காரணம் எளிது: சாம்பல் நோய்ப் பூஞ்சைக்கு இலையில் தண்ணீர் நிற்கவே வேண்டாம், நின்றால் அதற்கு ஆகாது. இதமான சூடும் காற்றில் ஈரப்பதமும் இருந்தால் காய்ந்த இலையிலேயே வளரும். ஈர நேரத்தை மட்டும் எண்ணுகிற கணக்கு அதை எப்படிப் பிடிக்கும்? குருத்தை ஒடித்து எரித்து, கந்தகம் அடித்து நாங்களாகச் சமாளித்தோம். கண்ணில் பட்டதே மேஸ்திரி அண்ணன் கண்ணில்தான், ஆப்பில் இல்லை.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் நாலு மார்க் என்று கேட்பீர்கள். இரண்டாவது மழைக்காலத்தில் நான் ஆப்பின் சிவப்பு, பச்சை எதையும் பார்க்கவில்லை. எண்ணை மட்டும் எடுத்தேன். கடைசியாக மருந்தடித்த நாளிலிருந்து எத்தனை மில்லி மழை, எத்தனை மணி நேர ஈரம், இரண்டையும் நோட்டில் கூட்டிக்கொண்டே வந்தேன். ஈர நேரத்தை இப்படிக் கூட்டுவது என் சொந்த மூளை இல்லை. அமெரிக்காவில் ஆப்பிள் தோலில் கரி படிந்த மாதிரி வருகிற நோய்க்கு, பூவிதழ் உதிர்ந்து பத்து நாளிலிருந்து ஈர மணி நேரத்தைக் கூட்டி, 175 ஆனால் மருந்து என்று ஒரு முறை உண்டு. 175 எனக்கு உதவாது, கூட்டும் பழக்கம் உதவியது. மழைக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, 25 மில்லி பெய்தால் இலைமேல் இருக்கும் மருந்தில் பாதி போச்சு, 50 தாண்டினால் மறுபடி அடி. அதற்கு முந்தின வருஷம் காலண்டரைப் பார்த்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்று ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை ஆறு தடவை அடித்தோம், அதில் இரண்டு தடவை மறுநாளே மழை கழுவிக்கொண்டு போனது. இந்தத் தடவை நோட்டைப் பார்த்து நாலே தடவை. இலை நவம்பர் பாதி வரை மரத்தில் நின்றது. வேண்டுமென்றே மருந்து படாமல் விட்ட நாலு மரம் செப்டம்பர் கடைசியிலேயே மொட்டை. ஒரு தோட்டம், ஒரு வருஷம், அதற்கு மேல் இதற்கு அர்த்தம் கற்பிக்க வேண்டாம்.

அடித்தது பெரும்பாலும் போர்டோ கலவைதான், செம்பும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சை மருந்து. காய் இருக்கும்போது செம்பு மருந்து அடித்தால் ஆப்பிள் தோல் துருப்பிடித்த மாதிரி சொறசொறத்துவிடும், ஆனால் எங்களுக்கு ஜூனிலேயே பழம் இறங்கிவிடுவதால் ஆகஸ்டில் அந்தப் பயம் இல்லை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ நீற்றின சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர், பிளாஸ்டிக் டிரம்மில் தனித்தனியாகக் கரைத்து ஒன்றாக ஊற்றிக் கலக்கி, பளபளவென்ற கத்தியை ஒரு நிமிஷம் முக்கிப் பார்ப்பது. கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை. இந்தக் கத்திப் பரிசோதனைக்குச் சந்தா கிடையாது. அதே கலவையை மிளகுக் கொடிக்கும் அடிப்போம், பாதிச் செறிவில் காபிக்கு. காபிக்கு வரும் இலைத்துருவும் இலையின் அடிப்பக்க ஈரத்தில் முளைக்கிற பூஞ்சைதான், 1869-க்குப் பிறகு இலங்கையில் காபித் தொழிலையே முடித்து வைத்தது. அதற்கும் என் ஈரக்கணக்கு உதவுகிறது, ஆப்பில் காபிக்கு இடமே இல்லாவிட்டாலும். ஏற்காட்டில் விற்க வருகிறவன் ஆப்பிளைக் காட்டுகிறான், காபியை மறந்துவிடுகிறான்.

சோலன் நண்பனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அவன் பெட்டியை விட்டுக்கொடுக்கவில்லை. 1973இல் காஷ்மீரிலும் 1983இல் இமாச்சலிலும் சொறி நோய் ஊர் ஊராகத் தோட்டங்களை நாசம் செய்த கதை அங்கே இன்னமும் பேச்சில் இருக்கிறது. தேதி குறித்து வைத்து மருந்தடிக்கிற ஊர், சரிவுக்குச் சரிவு மழையும் குளிரும் மாறுகிற ஊர். அங்கே இந்த மாடல் ஒரு சீசனுக்கு ஒரே ஒரு தேவையில்லாத சுற்றைத் தவிர்க்க வைத்தாலும் பெட்டி விலை வந்துவிடும் என்கிறான். நம்புகிறேன். மில்ஸ் அட்டவணையின் சொந்த ஊர் மாதிரி அது.

அடுத்து தமிழ். ஆப்பில் தமிழ் உண்டு என்று பெருமையாகச் சொன்னார்கள். உண்டு. மொட்டு பச்சை காட்டும் கட்டத்துக்கு கிரீன் டிப் என்று பெயர், அதைப் "பச்சை குறிப்பு" என்று போட்டிருக்கிறார்கள். கணக்கு தொடங்கும் தேதிக்குப் பயோஃபிக்ஸ் என்பார்கள், அது "உயிர் சரிசெய்தல்". தொற்று விழுந்தபின் எத்தனை மணி நேரத்துக்குள் மருந்து பின்னோக்கிப் போய்ப் பிடிக்கும் என்பதை கிக்பேக் என்பார்கள். அதற்கு எங்கள் ஆப்: "டைஃபெனோகோனசோல், கையூட்டு 72 மணி நேரம்." மேஸ்திரி அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "மருந்துக்காரனும் வாங்க ஆரம்பிச்சுட்டானா" என்றார். அந்த அரை மார்க் இதற்கு.

பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. சோலார் தகடு நிழலில் இருந்தால் அக்டோபர், நவம்பரில் பேட்டரி இறங்கிவிடும், எனக்கு ஒன்பது நாள் எண்ணே வரவில்லை, கம்பத்தைத் திறந்த இடத்துக்கு மாற்றி ஈரத் தகட்டை மட்டும் நீள வயரில் மரத்துக்குள் விட்டபிறகு சரி. சிம் சிக்னல் பள்ளத்தில் எடுக்காது, வாங்கும் முன் உங்கள் போனை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். தகட்டில் குருவி எச்சம் விழுந்தால் காய்ந்த நாளிலும் ஈரம் காட்டும், வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். மழைப் புனலில் எறும்பு கூடு கட்டும். ஒரு தடவை சில்வர் ஓக் இலை ஒன்று புனல் வாயை அடைத்துக்கொண்டு, ராத்திரி கொட்டின மழைக்குக் கணக்கே இல்லை. மறுநாள் மத்தியானம் சுள்ளென்ற வெயிலில் மேஸ்திரி அண்ணன் இலையை எடுத்துவிட, தேங்கின தண்ணீர் மொத்தமும் இறங்கி, "உங்கள் பகுதியில் மழை பெய்கிறது, தெளிப்பதைத் தவிர்க்கவும்" என்று போன் அலறியது.

யார் வாங்கலாம்? ஈர எண்ணைத் தினமும் பார்த்து எழுதும் பழக்கம் வருமென்றால் வாங்கலாம், காபி, மிளகு மட்டும் வைத்திருந்தாலும்கூட. எல்லைக்கோட்டை நாமே மாற்ற விடுவார்களா, மூல எண்களை இறக்கிக்கொள்ள விடுவார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டு எழுதி வாங்குங்கள். போன் சிவப்பானால் டேங்கைத் தூக்கினால் போதும் என்று நினைத்தால் வேண்டாம், மருந்துக்கடைக்காரருக்குத்தான் லாபம். பக்கத்துத் தோட்டங்கள் நாலைந்து சேர்ந்து ஒன்று வாங்குவதும் நடக்கும், ஆனால் ஈரத் தகடு யார் சரிவில் இருக்கிறதோ அவருக்குத்தான் அது உண்மை பேசும்.

இரண்டாவது வருஷச் சந்தாவுக்கு நினைவூட்டல் வந்தபோது, மாடல் எதுவும் வேண்டாம், எண் மட்டும் போதும் என்று எழுதினேன். அப்படி ஒரு திட்டம் அவர்கள் விலைப்பட்டியலில் இல்லை, கேட்டதற்கு 2,400-க்குக் கொடுத்தார்கள். எனவே கேளுங்கள்.

இப்போதைக்கு ஒரு பிரச்சினை. தகட்டின் ஒரு மூலையில் தங்கக் கோடு தேய ஆரம்பித்திருக்கிறது, போன வாரத்திலிருந்து லேசான மூட்டத்துக்கு எண் 2-ஐத் தாண்டுவதில்லை. மாற்றுத் தகடு வர மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள், மழை அதுவரை காத்திருக்காது. "அதுக்கென்னங்க தம்பி," என்றார் மேஸ்திரி அண்ணன், "தகடு வர்ற வரைக்கும் நான் தொட்டுப் பாத்துச் சொல்றேன், நீங்க நோட்டுல போட்டுக்கங்க." இன்றைக்குக் காலை கணக்கு அவருடையது: நேற்று ராத்திரி எட்டரையிலிருந்து இன்று ஒன்பதே கால் வரை.